லயமும் தொழிற்களமும்: தோட்டத் தொழிலாளர் விபத்து இழப்பீட்டின் சட்ட வரலாறு

முன்னுரை

தொழிலாளர் விபத்து இழப்பீடு குறித்த சட்டங்கள் தொழிற்சாலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. காலையில் தொழிலாளி ஆலை வாயிலுக்குள் நுழைகிறார். மாலையில் அதே வாயில் வழியே வெளியேறுகிறார். வாயிலுக்கு உள்ளே நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு; வெளியே நேர்வதற்கு அவர் பொறுப்பல்லர். இந்த எளிய பாகுபாடு ஆலைத் தொழிலுக்குப் பெருமளவு பொருந்தும். மலைத்தோட்டத்திற்கு இது பொருந்துவதில்லை. அங்கே வாயில் என்று ஒன்று இல்லை. கொழுந்து பறிக்கும் காடு, அதற்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை, உறங்கும் லயம், குடிநீர் எடுக்கும் ஓடை, பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காப்பகம் ஆகிய அனைத்தும் ஒரே முதலாளியின் நிலத்தில், அவருடைய மேலாண்மையின் கீழ் அமைந்துள்ளன.

வேலை செய்யும் இடத்திலேயே குடியிருக்கும் தொழிலாளிக்கு அவ்விடத்தில் நேரும் தீங்கு எந்த அளவுக்கு 'வேலை விபத்து' ஆகும் என்னும் வினா இதனால் எழுகிறது. இந்தியச் சட்டம் இவ்வினாவை நூறாண்டுக் காலத்தில் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை நீலகிரி, ஆனைமலை, வயநாடு, மூணாறு ஆகிய தென்னிந்திய மலைத்தோட்டங்களை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தோட்டங்களின் தொழிலாளருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் முதலிய சமவெளி மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் ஆதலின், இவ்வரலாறு தமிழரின் புலப்பெயர்வு வரலாற்றின் ஒரு பகுதியுமாகும்.

குடியிருப்பின் தோற்றம்

தோட்டக் குடியிருப்பு தொழிலாளர் நலம் கருதித் தோன்றியதன்று. ஊர்களோ சாலைகளோ இல்லாத மலைச்சரிவுகளில் காடழித்துத் தோட்டம் அமைத்தபோது, ஆட்களைத் தொழிலிடத்திலேயே இருத்தி வைப்பது தவிர்க்க இயலாததாயிற்று. கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைத் திரட்டி மலையேற்றினார். அவர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகள் ஆங்கிலச் சொல்லின் திரிபால் மூணாற்றிலும் இலங்கையிலும் 'லயம்', 'லயன்' எனவும், ஆனைமலைப் பகுதியில் 'லைன் வீடு' எனவும், வயநாட்டில் 'பாடி' எனவும் வழங்கலாயின. விடியற்காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புவதற்கும், முன்பணக் கடன் தீருமுன் எவரும் மலையிறங்காமல் காப்பதற்கும் இந்த அமைப்பு ஏற்றதாக இருந்தது.

அக்காலச் சட்டமும் முதலாளியின் பக்கமே நின்றது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்று வேலைக்கு வராதவரைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வழி செய்தது. சென்னை மாகாணத்தில் 1903ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனித் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வேலையை விட்டுச் செல்பவருக்குத் தண்டனை உறுதியாக இருந்த அக்காலத்தில், வேலையில் கையிழந்தவருக்கு இழப்பீடு உறுதியாக இல்லை. 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின்படி இறந்தவரின் குடும்பத்தார் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் மரணம் முதலாளியின் தவறான செயலாலோ கவனக்குறைவாலோ நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர்களுடையது. மலையில் ஒற்றை அறையில் வாழ்ந்த ஒரு விதவை சமவெளி நீதிமன்றத்தில் அச்சுமையைத் தாங்கியிருக்க முடியாது என்பது வெளிப்படை.

ஆனைமலைத் தோட்டங்களின் தொடக்ககால வாழ்வைப் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் விரிவாகச் சித்திரிக்கிறது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் 2007இல் அது தமிழுக்கு வந்தது. டேனியல் அத்தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். பின்னர்த் தொழிற்சங்கம் அமைத்தவர். குடியிருப்பு, நோய், கடன், வேலை ஆகியவற்றைப் பிரித்துக் காண முடியாத ஒரே வலையாக அந்நாவல் காட்டுவது இலக்கியச் சான்று என்ற வகையில் கருதத்தக்கது.

1923ஆம் ஆண்டுச் சட்டம்

தவறு யாருடையது என்று கேளாமல், வேலையில் நேர்ந்த தீங்கிற்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்னும் கொள்கை ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டு விபத்துக் காப்பீட்டுச் சட்டத்திலும் பிரிட்டனில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உருப்பெற்றது. பிரிட்டானியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் மூன்று வகையில் புதுமையானது. முதலாவது, முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, இழப்பீட்டுத் தொகை நீதிபதியின் மதிப்பீட்டிற்கு விடப்படாமல் கூலியின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது. மூன்றாவது, உரிமையியல் நீதிமன்றத்திற்கு மாறாகத் தனி ஆணையர் வழக்கை விசாரித்தார். தொடக்கத்தில் வயதுவந்த தொழிலாளியின் மரணத்திற்கு முப்பது மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது வழங்கப்பட்டது. முழுமையான நிரந்தர ஊனத்திற்கு நாற்பத்திரண்டு மாதக் கூலி அல்லது 3,500 ரூபாய் என்பது வரம்பு.

எனினும் சட்டம் எல்லாத் தொழிலாளருக்கும் உரியதாக இல்லை. அதன் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்ற தொழில்களுக்கே அது பொருந்தியது. தேயிலை ஆலையில் எந்திரத்தில் கை சிக்கியவர் தொழிற்சாலைத் தொழிலாளி என்ற முறையில் இழப்பீடு பெறலாம். அவ்வாலைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர் சரிவில் விழுந்து கால் முறிந்தால் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. இந்நிலையைப் பின்வந்த திருத்தமே மாற்றிற்று. விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்த 1933ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் எல்லையை விரிவுபடுத்தியது. சிங்கோனா, காப்பி, ரப்பர், தேயிலை ஆகியன பயிராகும், இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களின் தொழிலாளரும் அட்டவணைக்குள் வந்தனர். அண்டை நாடான இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதே கொள்கையைக் கொண்டுவந்தது.

ஆட்சி எல்லையும் இங்குக் கருதவேண்டியதாகும். நீலகிரி, ஆனைமலை, வயநாடு ஆகியன சென்னை மாகாணத்தைச் சார்ந்தவை. மூணாறு திருவிதாங்கூர் அரசின் நிலம். பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்குத் தானாகச் செல்லாது. இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1924 ஜூலை மாதத்தில்தான், கொல்லம் 1099ஆம் ஆண்டின் பெருவெள்ளம் என்று கேரளத்தில் இன்றும் நினைவுகூரப்படும் வெள்ளம் மூணாற்றைச் சிதைத்தது. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இருப்புப்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்து, பின்னர் மீண்டும் அமைக்கப்படாமலே போயிற்று. சமவெளியின் ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட இரு குடும்பங்களுள் ஒன்று ஆனைமலைக்கும் மற்றொன்று மூணாற்றுக்கும் சென்றால், ஒரே தொழிலில் இருந்தும் அவை இருவேறு சட்ட உலகங்களில் வாழ்ந்தன.

வேலையின் காரணமும் வேலையின் போக்கும்

இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விபத்தானது 'வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும்' நேர்ந்திருத்தல் வேண்டும் என்கிறது. இவை ஒன்றல்ல, இரு தேவைகள். முன்னது காரணத் தொடர்பைக் குறிக்கிறது. பின்னது காலத்தையும் இடத்தையும் குறிக்கிறது. வேலை நேரத்தில் வேலைத்தலத்தில் நேர்ந்ததாலேயே ஒரு தீங்கு வேலையின் காரணமாக நேர்ந்ததாகிவிடாது. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி இழப்பீடு இல்லை.

வேலையின் எல்லை எது என்பதைத் தெளிவுபடுத்த நீதிமன்றங்கள் 'கருத்தளவிலான நீட்சி' என்னும் கோட்பாட்டை வளர்த்தன. தொழிலாளி கருவியைக் கையிலெடுக்கும் கணத்தில் வேலை தொடங்கி, அதனைக் கீழே வைக்கும் கணத்தில் முடிந்துவிடுவதில்லை. இடத்திலும் காலத்திலும் இரு முனைகளிலும் அது நியாயமான அளவு நீளும் என்பது இக்கோட்பாட்டின் சாரம். சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளர் கழிமுகத்தைக் கடக்கையில் படகு கவிழ்ந்து இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் இக்கோட்பாட்டை ஏற்றது. ஆயினும் அத்துறை பொதுமக்களும் பயன்படுத்திய வழி என்பதால் அம்மரணங்கள் வேலையின் போக்கில் நேர்ந்தவை அல்ல என்று முடிவு செய்தது. மும்பை மாநகரப் பேருந்து நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவர் பணி முடிந்து அந்நிறுவனத்தின் மற்றொரு பேருந்தில் வீடு திரும்புகையில் இறந்த வழக்கில் 1963இல் வேறொரு முடிவு வந்தது. சீருடையில் அப்பேருந்துகளில் பயணம் செய்ய அவருக்கிருந்த உரிமையும், அப்பயணம் பணியின் திறம்பட்ட நடப்புக்குத் தேவையாக இருந்தமையும் கருதி, வேலையின் எல்லை வீடு திரும்பும் வழிவரை நீட்டப்பட்டது.

இவ்விரு தீர்ப்புகளையும் தோட்டத்தில் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். லயத்திலிருந்து தேயிலைக் காட்டுக்குச் செல்லும் பாதை பொதுவழி அன்று. அது முதலாளியின் நிலத்தில், முதலாளியால் அமைக்கப்பட்ட வழி. தொழிலாளிக்கு வேறு வழி கிடையாது. ஆகவே உப்பளத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்ட நீட்சியைத் தோட்டத் தொழிலாளர் கோருவதற்கு வலுவான அடிப்படை உண்டு. சிக்கல் பாதையில் இல்லை. பாதை முடியும் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

ஆங்கிலச் சட்ட மரபு இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைப் பேணியது. முதலாளியின் இடத்தில் குடியிருப்பது வேலை ஒப்பந்தத்தின் கட்டாயமா, அன்றித் தொழிலாளியின் வசதிக்காக அளிக்கப்பட்ட சலுகையா என்பதே அது. கட்டாயமாயின் அங்கு இருப்பதும் வேலையின் ஒரு பகுதி. சலுகையாயின் வேலை முடிந்ததும் அவர் தம் வீட்டிலிருக்கும் தனிமனிதர். மலைத்தோட்டத்தில் இவ்வேறுபாடு உண்மை நிலைக்கு ஒத்துவருவதில்லை. தொழிலாளி லயத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படாமலிருக்கலாம். ஆனால் பல கல் தொலைவுக்கு வேறு வீடே இல்லாத இடத்தில் அவர் எங்கே குடியிருக்க முடியும்? ஏட்டில் சலுகையாகத் தோன்றுவது நிலத்தில் கட்டாயமாக இருக்கிறது.

வேலையிடமே வீடாகும் மற்றொரு தொழில் கப்பல் தொழில். பாரசீக வளைகுடாப் பயணத்தின்போது 1961 டிசம்பரில் கப்பலிலிருந்து காணாமற்போன ஒரு மாலுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இல் அளித்த தீர்ப்பு இவ்வகையில் அடிப்படையானது. வேலையின் தன்மை மட்டுமன்றி, வேலையின் நிலைமைகள், கடமைகள், உடன்விளைவுகள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தொழிலாளியைச் சிறப்பான ஓர் ஆபத்து வளையத்துக்குள் கொண்டுவந்திருந்தால், அங்கு நேரும் தீங்கு வேலையின் காரணமாக நேர்ந்ததே என அத்தீர்ப்பு பரந்த விளக்கம் அளித்தது. எனினும் அம்மாலுமி எவ்வாறு இறந்தார் என்பதற்கே சான்று இல்லாமையால் அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு கிட்டவில்லை. மெய்ப்பிக்கும் கடமை கோருபவரையே சாரும் என்பது உறுதி செய்யப்பட்டது. விளக்கம் விரிந்தது, ஆனால் சான்றின் சுமை குறையவில்லை. தனித்த இடத்தில் வாழ்ந்து தனித்த இடத்தில் மடிபவரின் குடும்பத்தார் இத்தீர்ப்பின் இரு பக்கங்களையும் ஒருசேர எதிர்கொள்கின்றனர்.

1951: வீடு கடமையாதல்

விடுதலைக்குப் பின் 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, 1954 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், பிள்ளைக்காப்பகம் ஆகியவற்றோடு வீட்டு வசதியையும் முதலாளியின் சட்டக் கடமையாக்கியது இச்சட்டம். தோட்டத்தில் வசிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் தேவையான வீட்டைக் கட்டித் தந்து பேணி வருவது 15ஆம் பிரிவின்படி முதலாளியின் பொறுப்பாயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1958இல் நிறைவேற்றிய தோட்டங்கள் குறித்த 110ஆம் உடன்படிக்கையும் வீட்டு வசதி, விபத்து இழப்பீடு ஆகிய இரண்டையும் ஒரே ஆவணத்தில் இணைத்துப் பேசுகிறது.

இச்சட்டத்தால் வீடு சலுகை என்னும் நிலையிலிருந்து உரிமை என்னும் நிலைக்கு உயர்ந்தது. ஆயினும் ஒரு முரண் எஞ்சியது. வீடு நலச் சட்டத்துக்குள்ளும், விபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்குள்ளும் தனித்தனியே நின்றன. கட்டித் தரவேண்டிய வீட்டைப் பேணாது விட்ட முதலாளி நலச் சட்டத்தின் கீழ் அபராதம் செலுத்தலாம். அவ்வீட்டின் சுவர் இடிந்து உறங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால், அவர் வேலையின் போக்கில் இறந்தாரா என்னும் பழைய வினா மீண்டும் எழும். உறங்குபவர் வேலை செய்யவில்லை என்பதே எளிய விடையாக முன்வைக்கப்படும். அவருடைய மனைவியோ குழந்தையோ இறந்தால், அவர்கள் தொழிலாளரே அல்லர் என்பதால் இழப்பீட்டுச் சட்டத்தில் கேள்விக்கே இடமில்லை.

1981: வீட்டையும் விபத்தையும் இணைத்த திருத்தம்

இம்முரணைத் தீர்த்தது தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 1981ஆம் ஆண்டுத் திருத்தம். அதன்வழிச் சேர்க்கப்பட்ட 16ஏ முதல் 16ஜி வரையிலான பிரிவுகள் இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் தனித்த இடம் பெறத்தக்கவை. முதலாளி அளித்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ அவர் குடும்பத்தில் ஒருவரோ இறந்தால் அல்லது காயமுற்றால், 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவும் நான்காம் அட்டவணையும் இயன்றவரை பொருந்த, முதலாளி இழப்பீடு தரவேண்டும் என 16ஏ பிரிவு விதித்தது. அவ்விடிபாடு முற்றிலும் நேரடியாகவும் குடியிருப்பவரின் தவற்றாலோ இயற்கைப் பேரிடராலோ நேர்ந்திருந்தால் மட்டும் முதலாளிக்கு விலக்கு உண்டு. வீடு இடிந்த ஆறு மாதத்திற்குள் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. வேறு சட்டங்களின்படி உள்ள உரிமைகள் இதனால் பறிபோவதில்லை என்பதும் தெளிவுபடுத்தப்பட்டது.

இத்திருத்தத்தின் சிறப்பு மூவகைப்படும். 'வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும்' என்னும் இரட்டைத் தேவை இங்கு முற்றாக நீங்கியது. தொழிலாளி உறங்கினாரா உணவருந்தினாரா என்று கேட்கவேண்டியதில்லை. வீடு முதலாளி அளித்தது என்பதும் அது இடிந்தது என்பதும் போதும். அடுத்து, தொழிலாளர் அல்லாத குடும்பத்தாரும் இழப்பீட்டுக்கு உரியவராயினர். முதலாளிக்கு வேலை செய்யாதவருக்கும் வேலைசார் இழப்பீடு என்பது பொதுக் கொள்கைக்குப் புறம்பானது. தோட்ட வாழ்வின் உண்மையை ஏற்றதாலேயே சட்டம் இவ்வாறு வளைந்து கொடுத்தது. மூன்றாவதாக, வீடும் வேலையின் கருவிகளுள் ஒன்று என்பதைச் சட்டம் சொல்லாமற் சொல்லியது.

குறைகளும் உள. கணக்கீட்டு முறை கூலியை அடிப்படையாகக் கொண்டது. இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மரணத்திற்கு மாதக் கூலியின் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. மாதம் 10,000 ரூபாய் கூலி பெறும் அவ்வயதுத் தொழிலாளி இறந்தால் இழப்பீடு 9,20,850 ரூபாய் ஆகும். அதே கூரையின் கீழ் இறந்த ஆறு வயதுக் குழந்தைக்குக் கூலி ஏது? அட்டவணை இளவயதுக்கு 228.54 என்னும் மிக உயர்ந்த காரணியை வைத்திருக்கிறது. ஆனால் பெருக்குவதற்குரிய தொகை இல்லை. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் மரணத்திற்கு விதித்த குறைந்த அளவுத் தொகையான 1,20,000 ரூபாயே எஞ்சும் எனக் கொள்ள இடமுண்டு. 'இயன்றவரை பொருந்த' என்னும் சொற்கள் இவ்விடைவெளியை நிரப்பவில்லை.

மேலும், 16ஏ பிரிவு வீடு இடிவதை மட்டுமே கருதியது. லயத்தின் பழுதுற்ற மின்கம்பியால் தாக்குண்டவர், இரவில் வெளியிலுள்ள கழிப்பிடத்துக்குச் செல்கையில் பாம்பு தீண்டியவர், வாசலில் சிறுத்தையால் தாக்கப்பட்டவர் ஆகியோர் மீண்டும் 1923ஆம் ஆண்டின் பழைய வாசகத்துக்கே திரும்ப வேண்டும். வால்பாறைப் பகுதியில் லயத்தையொட்டி விளையாடிய குழந்தைகள் சிறுத்தைக்கு இரையான நிகழ்வுகள் பலமுறை நேர்ந்துள்ளன. அக்குடும்பங்கள் வனத்துறையின் நிவாரணத்தையே எதிர்நோக்குகின்றன. தேயிலைக் காட்டின் நடுவே வீடு அமைந்த காரணம் அங்கு விசாரணைக்கு வருவதில்லை. ஆக, தோட்டத் தொழிலாளியின் வாழ்விடம் சட்டத்தில் மூன்று வளையங்களாகப் பிரிகிறது. தொழிற்களத்தில் பாதுகாப்பு தெளிவானது; பாதையில் அது நீதிமன்ற விளக்கத்தைச் சார்ந்தது; வீட்டில் அது இடிபாடு என்னும் ஒரே நிகழ்வுக்குள் அடங்கியது.

சட்டத்தின் சொல்லாட்சியும் இங்குக் குறிக்கத்தக்கது. கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையினர் பெண்கள். எனினும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் எண்பத்தாறு ஆண்டுக் காலம் ஆண்பாற் சொல்லையே தன் பெயரில் தாங்கியிருந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என மாற்றிற்று. தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பம் என்பதன் வரையறையில் ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் இடையில் இருந்த வேற்றுமையைக் களைந்தது. வீடு இடிந்து இறப்பவர் 'குடும்பத்தில் ஒருவரா' என்பதே 16ஏ பிரிவின் நுழைவாயில் ஆதலின், இது பெயரளவிலான மாற்றம் அன்று.

இயற்கைப் பேரிடர் என்னும் விலக்கு

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த இராஜமலையின் பெட்டிமுடியில் நிலச்சரிவு நேர்ந்தது. நான்கு லயங்கள் மண்ணில் புதைந்தன. எழுபது பேர் இறந்தனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. சிலருடைய உடல்கள் ஆற்றுப்போக்கில் நெடுந்தொலைவில் மீட்கப்பட்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்த நிலையில், செய்தி வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் எட்டியது. இறந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பகுதி. தலைமுறைகள் கடந்தும் ஊர்த் தொடர்பு அறாத அக்குடும்பங்களின் துயரத்தில் மலையும் சமவெளியும் ஒருங்கே பங்குகொண்டன. கேரள அரசு இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் தோட்டப் பாடிகள் அழிவுக்குள்ளாயின.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் அரசின் கருணையிலிருந்து வருவது; இழப்பீடு தொழிலாளியின் உரிமையிலிருந்து எழுவது. நிலச்சரிவு இயற்கைப் பேரிடர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 16ஏ பிரிவின் வாசகம் பேரிடர் நேர்ந்ததாலேயே முதலாளியை விடுவிக்கவில்லை. 'முற்றிலும் நேரடியாகவும்' என்னும் அடைமொழிகள் குடியிருப்பவரின் தவற்றுக்கும் இயற்கைப் பேரிடருக்கும் ஒருங்கே உரியன. லயம் எங்கே கட்டப்படவேண்டும் என்பதைத் தொழிலாளி முடிவு செய்வதில்லை. சரிவின் அடியிலோ ஓடையின் கரையிலோ வீட்டை அமைத்ததும், மழைக்காலத்தில் அதனைக் காலி செய்யாமல் விட்டதும், பழைய கட்டடத்தைப் புதுப்பிக்காததும் உயிரிழப்புக்குத் துணைக்காரணங்களாயின், அவ்விடிபாடு 'முற்றிலும்' பேரிடரால் நேர்ந்ததாகாது என்று வாதிட வாசகம் இடமளிக்கிறது. மழை வானத்தின் செயல். வீட்டின் இருப்பிடமோ மனிதரின் தேர்வு. இத்தேர்வுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதே இவ்விலக்கின் உள்ளுறைச் சிக்கலாகும்.

இவ்வாதத்தை முன்னெடுப்பதில் நடைமுறைத் தடை ஒன்று உண்டு. தொழிலாளியின் வீடு அவர் வேலையோடு கட்டப்பட்டது. வேலை நீங்கினால் வீடும் நீங்கும். குடும்பத்தில் வேலை செய்தவர் இறந்துவிட்டால், எஞ்சியவருள் ஒருவர் தோட்ட வேலையை ஏற்றாலன்றிக் கூரையைத் தக்கவைத்தல் அரிது. எந்த முதலாளியின் வீட்டில் தொடர்ந்து வாழவேண்டுமோ அதே முதலாளிமேல் வழக்கிடுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும். 2024இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்யுமாறு கோரப்பட்டபோது, நான்கு தலைமுறை வாழ்ந்த வீடும் வேலையின் பிற்சேர்க்கையே என்பது மீண்டும் வெளிப்பட்டது.

புதிய தொகுப்புகள்

2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றால் 1923, 1951 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இரண்டும் தம் தனியிருப்பை இழந்தன. வீடு இடிந்து நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் உரிய இழப்பீடு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 75ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இயற்கைப் பேரிடர் விலக்கும் அதே சொற்களில் தொடர்கிறது. வீடு அளிக்கும் கடமையோ தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் குறித்த வேறொரு தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரே சட்டத்துக்குள் இணைத்த கடமையும் பொறுப்பும் மீண்டும் இரு நூல்களாகப் பிரிந்து நிற்கின்றன. வீட்டைப் பேணாமை ஒரு தொகுப்பின் மீறல். அதன் விளைவான மரணம் மற்றொரு தொகுப்பின் வழக்கு.

பாதையைப் பொறுத்தவரை சட்டம் முன்னேறியுள்ளது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் செல்லும்போது நேரும் விபத்து, சூழல், காலம், இடம் ஆகியவற்றால் வேலையோடு தொடர்புற்றிருப்பின் வேலை விபத்தாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்பு வெளிப்படையாகக் கூறுகிறது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட இத்தகைய விதியைத் துணைக்கொண்டு, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்துக்கும் அப்பொருளே உண்டு என உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. சர்க்கரை ஆலைக்கு இரவுக்காவலுக்குச் செல்லும் வழியில் 2003இல் இறந்த ஒருவரின் குடும்பத்திற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தீர்ப்பு அது.

முடிவுரை

தோட்டத் தொழிலாளரின் விபத்து இழப்பீட்டு வரலாறு, சட்டம் தொழிற்களத்திலிருந்து படிப்படியாக லயத்தை நோக்கி நடந்த வரலாறு. 1923இல் அது ஆலைக்குள் நின்றது. 1933இல் தேயிலைக் காட்டுக்குள் நுழைந்தது. 1958 முதல் நீதிமன்றங்களின் வழியே பாதையில் கால் வைத்தது. 1981இல் வீட்டு வாசலை அடைந்து, உறங்குபவரையும் குழந்தையையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆயினும் இடிபாடு என்னும் ஒரே நிகழ்வோடு அது நின்றுவிட்டது. இயற்கைப் பேரிடர் என்னும் விலக்கு அவ்வாசலைப் பாதி மூடியும் வைத்துள்ளது.

முதலாளியின் இடத்தில் முதலாளியின் தேவைக்காகக் குடியிருப்பவருக்கு அவ்விடத்தின் ஆபத்துகள் வேலையின் ஆபத்துகளே. 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறிய ஆபத்து வளையம் என்னும் கருத்தை லயத்துக்கும் பொருத்தினால், மின்கசிவும் விலங்குத் தாக்குதலும் நிலச்சரிவும் ஒரே அளவுகோலால் மதிப்பிடப்படும். அதற்குப் புதிய கொள்கை எதுவும் தேவையில்லை. 1981ஆம் ஆண்டின் சட்டமியற்றுநர் தொடங்கிவைத்த எண்ணத்தை அதன் இயல்பான எல்லைவரை கொண்டுசெல்வதே தேவை. கூலியில்லாத குழந்தையின் உயிருக்குக் கணக்கு எது என்னும் வினாவுக்கும், மலையின் எச்சரிக்கையை மீறிக் கட்டப்பட்ட வீட்டுக்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கும் விடை காணும் வரையில், பெட்டிமுடியில் இறந்தோருக்குச் சட்டம் செலுத்தவேண்டிய கடன் நிலுவையிலேயே இருக்கும்.